ஊசி போட்டாச்சா என்றுதான் கேட்டேன்

இல்லை அத்தை, நான் நர்ஸிடம் சண்டை போடவில்லை. கேள்வி கேட்டேன். ஒரு பெண் கொஞ்சம் உரக்கக் கேள்வி கேட்டால் நம் ஊரில் அதற்குச் சண்டை என்று பெயர். உட்காருங்கள், பையை எடுத்துவிடுகிறேன். உள்ளே உங்கள் மகளா? தலைப்பிரசவமா? பயப்படாதீர்கள், இந்த டாக்டரம்மா நல்லவர். எனக்கும் அவருக்கும் ஆகாது, அப்படியிருந்தும் சொல்கிறேன்.

உள்ளே இருப்பது என் அக்கா மங்கையர்க்கரசி. மங்கை என்போம். அதோ, தண்ணீர் கேன் பக்கத்தில் சுவரைப் பார்த்து நிற்கிறாரே, அவர் அத்தான், அக்கா வீட்டுக்காரர். காலையில் என்னைக் கண்டதும் "வந்துட்டியா" என்றார். "வா" என்று சொல்லவில்லை, கவனியுங்கள். "வந்துட்டியா." அப்புறம், "வெளியவே இரு திலகா. உள்ள வராத." பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை இங்கே விடுகிறார்கள். அந்த இடத்தில் இப்போது நிற்பது அத்தானின் அக்கா, சரசு மதினி. கூடப்பிறந்தவள் பெஞ்சில். வலி கண்டதையே எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா போனில் வாய்தவறிச் சொல்லி, ஹாஸ்டலிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துத் தென்காசி வந்தேன். நான் என்ன மூன்றாம் மனுஷியா?

நான் கேட்டது ஒன்றே ஒன்று. அக்காவுக்கு நரம்பில் ஊசி போட்டாச்சா? "நீங்க யாரு?" என்றாள் அந்த நர்ஸ். தங்கச்சி என்றேன். "கூட வந்தவங்க உள்ள இருக்காங்கல்லா, அவங்கட்ட கேட்டுக்கிடுங்க." அப்படியானால் நான் கூட வராதவள். இன்னொரு நர்ஸ் வந்தாள், அவளிடமும் கேட்டேன். தரை துடைக்கிற அம்மாவிடமும் கேட்டேன். அது கொஞ்சம் அதிகம்தான்.

என்ன ஊசி என்றா? சில பெண்கள் உடம்பில் ஒரு கிருமி இருக்கும். குரூப் பி ஸ்ட்ரெப் என்று பெயர். அது பாட்டுக்கு இருக்கும், அவளுக்கு ஒன்றும் செய்யாது. பிள்ளை வெளியே வருகிற வழியில் பிள்ளையைத் தொற்றிக்கொள்ளலாம். அதனால் வலி வந்ததும் நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும், பிறப்பதற்கு நான்கு மணி நேரமாவது முந்தி. முன்கூட்டியே மாத்திரை விழுங்கிப் பிரயோஜனமில்லை, கிருமி திரும்ப வந்துவிடும். முந்தின பிள்ளைக்கு வந்திருந்தால் அடுத்ததற்குப் பரிசோதனைகூட வேண்டாம், நேராக மருந்துதான். இப்போது இதெல்லாம் எனக்கு மனப்பாடம். உங்கள் மகளுக்குப் பார்த்தார்களா? கேளுங்கள். சண்டைக்காரி என்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள்.

ஆமாம். முந்தின பிள்ளைக்கு வந்தது.

சொல்கிறேன். முழுசாகக் கேட்டுவிட்டு, நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். நான் சமூகவியலில் ஆராய்ச்சி செய்கிறேன். காலேஜில் பேச்சுப் போட்டி என்றால் எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் ஜெயித்துவிட்டு வருவேன். அப்பா போன பிறகு வீட்டில் பேசுகிற வேலை முழுக்க என்னுடையது. ரேஷன் கடையா, கரண்ட் ஆபீஸா, வாடகைக்கு வருகிற வீட்டுக்காரரா, நான்தான். அக்கா பேச மாட்டாள். பி.காம். முடித்த கையோடு ஒரு உரக்கடைக்கு வேலைக்குப் போய், அந்தச் சம்பளத்தில்தான் என்னைப் படிக்க வைத்தாள். "நீ பேசு, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்பாள். அவள் கல்யாணப் பட்டு எடுக்கப் போனபோதுகூட, எந்த நிறம் வேண்டும் என்று கடைக்காரர் அவளைக் கேட்டார், நான் சொன்னேன். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா?

முதல் பிள்ளையை வீட்டிலேயே பெற்றுக்கொள்ள அவளுக்கு ஆசை. எல்லோரும் அது என் ஆசை என்கிறார்கள். இல்லை. நடந்தது இதுதான். ஒரு ஆய்வுக் கட்டுரைக்காகப் பெண்களிடம் பிரசவ அறையில் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு அலைந்தேன். தொடையில் அடித்திருக்கிறார்கள் அத்தை. "அன்னைக்கு இனிச்சுது, இன்னைக்கு வலிக்குதோ" என்று கேட்டிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாததா. இதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. அதையெல்லாம் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு அப்போது நாலாம் மாதம். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருத்தியைப் பயமுறுத்திவிட்டு அப்படியே விடலாமா? வழி காட்ட வேண்டாமா? கோயம்புத்தூரில் வித்யாலட்சுமி என்று ஒருவர், வீட்டுப் பிரசவத்துக்குப் போனிலேயே வகுப்பு எடுக்கிறார். அவர் அனுப்பிய வீடியோ ஒன்றைக் காட்டினேன். பார்த்துவிட்டு அக்கா சொன்னாள், "நல்லாத்தான் இருக்கு." அது அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒன்பதாம் மாதம் இந்த டாக்டரம்மா, மீனலோசனி, அந்தப் பரிசோதனையை எடுத்தார். கிருமி இருக்கிறது என்று வந்தது. நானும் அக்காவும்தான் போயிருந்தோம்.

"பயப்பட ஒண்ணுமில்ல மங்கை" என்றார். "வலி எடுத்தா நேரா இங்க வந்துரு, மருந்து ஏத்திருவோம். மத்தபடி உனக்கு நடக்கணுமா நட, உக்காரணுமா உக்காரு. இங்க யாரும் உன்ன அதட்ட மாட்டாங்க."

நான் கேட்டேன், "நூறு அம்மாவுக்கு இந்தக் கிருமி இருந்து, மருந்தே போடலைன்னு வைங்க. எத்தன பிள்ளைக்கு நோய் வரும் டாக்டர்?"

"ஒண்ணு. சில சமயம் ரெண்டு."

"அப்ப தொண்ணூத்தெட்டு பேருக்குத் தேவையில்லாம ஊசி."

அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. பதில் இல்லை, அதனால் சொல்லவில்லை. அக்கா பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா. உனக்கு என்ன தோணுது?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் பார்த்தாலே எனக்கு அர்த்தம் தெரியும், சின்ன வயசுப் பழக்கம். "அவ வீட்டுலதான் பெத்துக்கிடப் போறா" என்றேன். டாக்டர் மறுபடியும், "நீ சொல்லு மங்கை" என்றார். ஒருவர் பதில் சொன்ன பிறகும் அதே கேள்வியைக் கேட்பது என்ன நாகரிகம்?

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் அக்கா கேட்டாள், "ஏட்டி திலகா, அந்த ஊசிய மட்டும் போட்டுட்டு வீட்டுக்கு வந்துரலாமா?"

நல்ல கேள்வி. அதற்கு நான் எரிந்து விழவில்லை. பஸ் வரும்வரை பொறுமையாக விளக்கினேன். ஊசி என்று உள்ளே போனால் படு என்பார்கள், படுத்தால் எழுந்திருக்க விடமாட்டார்கள், ஒன்றைத் தொட்டு ஒன்று, கடைசியில் கத்தி. எல்லாம் கேட்டுவிட்டு "சரி" என்றாள். இன்னொரு நாள் தலை வாரிவிடும்போது மறுபடி கேட்டாள். நானும் அதையே சொன்னேன், அவளும் அதே "சரி"தான் சொன்னாள். இரண்டு தடவை சம்மதம் சொல்லியிருக்கிறாள். இதற்கு மேல் ஒருத்தியை எப்படிக் கேட்பது?

அம்மாதான் முணுமுணுத்தாள். "அவ பயப்படுதாட்டி." "பயத்த வச்சுத்தாம்மா அவங்க பொழப்பே நடக்கு" என்றேன். சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வந்து ஆஸ்பத்திரியில் பதிந்தாயிற்றா என்று கேட்டார். தனிமனித சுதந்திரத்துக்கான அரசியல் சாசனத்தின் இருபத்தொன்றாம் பிரிவை எடுத்துச் சொன்னேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அத்தான் மட்டும் மறுத்துப் பேசவில்லை. "நீங்கள்லாம் படிச்சவங்க" என்றார். அன்றைக்கு அப்படிச் சொன்னவர்தான் இன்றைக்கு "உள்ள வராத" என்கிறார்.

வித்யாலட்சுமி சொன்னபடி அக்கா தினமும் பச்சைப் பூண்டும் தயிரும் சாப்பிட்டாள். கிருமி போய்விடும் என்றார். மறுபடி பரிசோதித்துப் பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன், அதையும் சொல்ல வேண்டும். "சந்தேகப்பட்டா உடம்பு சுருங்கிரும்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அங்கே மட்டும் நான் வாதாடவில்லை.

பிரசவம் நல்ல வெயில் நேரத்தில். நானும் அம்மாவும், போன் திரையில் வித்யாலட்சுமியும். அக்கா கத்தவே இல்லை. ஆண் பிள்ளை. விழுந்ததும் அழுதான். அந்தப் பிரசவத்தில் ஒரு குறையும் இல்லை அத்தை, யாரும் அவளை அடிக்கவில்லை, ஒரு தகாத சொல் சொல்லவில்லை. இதை யாரும் இப்போது பேசுவதில்லை.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு முதலில் நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டு வைப்போம். உங்கள் வீட்டிலும் உண்டுதானே, சேனை. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அம்மா அத்தானை வைக்கச் சொன்னாள். அக்கா, "திலகா வைக்கட்டும். என்ன மாதிரி இல்லாம, வாயத் தொறந்து பேசட்டும்" என்றாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வைத்தேன். என் விரலைச் சப்பினான். அவ்வளவு சின்ன வாய்க்குள் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் மூச்சுவிடும்போதெல்லாம் ஒரு சத்தம் போட்டான். ங்... ங்... என்று, மெல்ல, ஒரே சுருதியில். "பாருக்கா, அதுக்குள்ள ராகம் இழுக்கான்" என்றேன். அம்மாகூடச் சிரித்தாள். போனில் பதிந்து வித்யாலட்சுமியின் வகுப்புக் குழுவில் போட்டேன். 'சித்தியிடம் சேனை வாங்கியவன் பேசத் தொடங்கிவிட்டான்' என்று எழுதிப் போட்டேன். எத்தனையோ பேர் இதயம் போட்டார்கள். அதில் பத்துப் பிள்ளை பெற்றவர்கள் இருந்தார்களா என்று கேட்காதீர்கள், ஆனால் எல்லோருமே தாய்மார்கள்தான். ஒருத்திக்குக்கூடவா தெரியாது?

அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. வேண்டாம், போட்டுக் காட்டவில்லை.

அக்கா, "பால் குடிக்க மாட்டேங்கான்ட்டி" என்றாள். முதலில் அப்படித்தான் இருக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள், சொன்னேன். "காலு சில்லுன்னு இருக்கு" என்றாள். துணி சுற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து, "டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேப்பமா?" என்றாள்.

கேட்டால் தோற்றுப்போவோம் என்று நான் சொன்னேனாம். அத்தான் சொல்கிறார். அவர் அப்போது வீட்டிலேயே இல்லை, கடைக்குப் போயிருந்தார். நான் சொன்னது, "சாயந்தரம் வரைக்கும் பாப்பம்க்கா. இப்ப போய் நின்னா நம்மள என்ன பேசுவாங்க" என்று. இரண்டும் ஒன்றா?

அக்கா "சரி" என்று சொல்லவில்லை. எழுந்தாள். பெற்று ஒரு நாள்கூட முழுசாக ஆகாத உடம்பு. பிள்ளையை முந்தானையில் சுற்றினாள், செருப்புப் போடாமல் தெருவில் இறங்கினாள். "இருக்கா, நான் ஆட்டோ சொல்லுதேன்" என்று பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. கடையில் மீதிச் சில்லறை கேட்பதற்குக்கூட என்னை அனுப்புகிறவள், ரோட்டுக்கு நடுவில் நின்று ஒரு ஆட்டோவை மறித்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னாள். அவள் குரல் அவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இந்த வாசல்தான். நாங்கள் நுழையும்போது டாக்டரம்மா அங்கே, அந்த மேஜை பக்கம், யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பிள்ளையின் முகத்தை அவர் பார்க்கவில்லை. சத்தம் மட்டும்தான் கேட்டது. ங்... ங்... பேச்சைப் பாதியில் விட்டு ஓடி வந்தார். மூச்சு முட்டுகிற பிள்ளை, நெஞ்சில் இருக்கிற காற்றைப் போகவிடாமல் பிடித்துவைக்கப் போராடுகிற சத்தமாம் அது. பிறகு இன்னொரு டாக்டர் சொன்னார்.

ஆட்டோவில் வரும்போதே நான் பதில்களைத் தயார் செய்துகொண்டுதான் வந்தேன். இந்த அம்மா என்ன கேட்பார், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, என்னென்னவோ செய்து, மறுநாளும் பார்த்து, அதற்கு மறுநாள் வெளியே வந்தார். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "நான் அன்னைக்கே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திட்டியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. அதனால்தான் சொன்னேன், எனக்கும் அவருக்கும் ஆகாது.

வித்யாலட்சுமியா? அன்றைக்கே என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்.

பச்சைப் பிள்ளையைப் புதைக்கத்தானே செய்வோம். ஆண்கள் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பெற்றவள் வரக் கூடாதாம். எனக்கு வந்ததே கோபம். சுமந்தவள் அவள், பெற்றவள் அவள், குழிவரைக்கும் போக உரிமை இல்லையா? வாசலில் நின்று பெரியவர்கள் எல்லோரிடமும் பேசினேன். "சரி, வரட்டும்" என்று சொல்லிவிட்டார்கள் அத்தை, ஜெயித்துவிட்டேன். உள்ளே ஓடி, "வாக்கா, நீயும் போலாம், நான் பேசிட்டேன்" என்றேன்.

அக்கா தலையைத் தூக்காமல் சொன்னாள், "நீ பேசாத."

துக்கத்தில் சொல்வதுதான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது, அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் செய்தால் அத்தான் எடுப்பார், "தூங்குதா" என்பார். நேரில் போனால் அடுப்படிக்குள் போய்விடுவாள். மறுபடி உண்டானதை வளைகாப்புப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டாள் என்றால் நான் அவளுக்குப் புரியவைத்துவிடுவேன். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளும் சாகத்தான் செய்கின்றன. தொண்ணூற்றெட்டு இன்றைக்கும் தொண்ணூற்றெட்டுதான், அந்தக் கணக்கில் தப்பில்லை, யார் வேண்டுமானாலும் வந்து சரிபார்க்கட்டும். கணக்கில் தப்பே இல்லாமல் ஒரு பிள்ளை எப்படி அத்தை சாகும்? எனக்கு அதுதான் விளங்கவில்லை.

இருங்கள். கதவு திறக்கிறது. மங்கையர்க்கரசி என்கிறார்களா? இருங்கள், இதோ வந்துவிடுகிறேன்.

*

நீங்களும் இங்கிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள் அத்தை.

சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மடியில் பிள்ளை. எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள், யார் ஜாடை என்று. நான் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து மூச்சைத்தான் கேட்டேன். சத்தம் இல்லை. சாதாரண மூச்சு. நெஞ்சு ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான், ஒரு சத்தமும் இல்லை. அப்புறம்தான் பெண் பிள்ளை என்று சரசு மதினி சொன்னதே காதில் விழுந்தது.

"மதினி, ஊசி போட்டாங்களா? நேரத்துக்குப் போட்டாங்களா?" என்றேன்.

"போட்டாங்க, போட்டாங்க. படியேறின உடனே இவதான, ஊசியப் போடுங்க, பெறகு மத்தது பேசுங்கன்னு சத்தம் போட்டா. நர்ஸெல்லாம் மெரண்டு போச்சு" என்று சிரித்தார்.

அக்கா சத்தம் போட்டிருக்கிறாள். தானே கேட்டிருக்கிறாள்.

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்தாலே அர்த்தம் தெரியும் என்று உங்களிடம் பெருமையடித்தேனே. தெரியவில்லை அத்தை. கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன், ஒன்றும் தெரியவில்லை. கோபமா, இல்லையா, அதுகூடத் தெரியவில்லை. என் கையைப் பிள்ளையின் காலருகில் கொண்டுபோனேன். தொடவில்லை. கதகதப்பாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். அக்கா துணியை இழுத்து அந்தக் காலை மூடினாள். அப்புறம் மதினியிடம் சொன்னாள், என்னிடம் இல்லை, மதினியிடம். "மதினி, அவ காலைலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா. சாப்பிட்டுட்டு ஹாஸ்டலுக்குப் போகச் சொல்லுங்க."

அவ்வளவுதான். தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் இந்த இரண்டு வருஷமாக அவளிடம் சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். பாயின்ட் பாயின்டாக. ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. "சரிக்கா" என்றேன். அது அவளுக்குக் கேட்டதோ என்னவோ, லிஃப்ட் கதவு மூடிவிட்டது.

போகச் சொன்னாள், உண்மை. திரும்ப வரக் கூடாது என்று சொல்லவில்லை. அது வேறு, இது வேறு. இல்லையா? சாப்பிட்டுவிட்டு என்றும் சொல்லியிருக்கிறாள். வேண்டாதவளைச் சாப்பிட்டாளா என்று யார் கேட்பார்கள்?

நீங்கள் ஏன் கண்ணைத் துடைக்கிறீர்கள். நான் அழவில்லையே. உங்கள் மகளுக்கும் நல்லபடியாக ஆகும், பாருங்கள். அந்த ஊசியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்.

இங்கே பக்கத்தில் சாப்பிட எங்கே கிடைக்கும் அத்தை?